பூட்டிக் கிடந்த ஊர் வீட்டில் மறுபடி குடியேற: பட்டா முதல் திண்ணை வரை

திருவாரூர் மாவட்டத்தில், மன்னார்குடிப் பக்கம் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. மாமா, அதாவது என் மாமனார், இறந்த பிறகு என் மாமியாரான அத்தையைச் சென்னைக்கு அழைத்து வந்துவிட்டோம். வீடு நான்கு வருடம் பூட்டிக் கிடந்தது. பிறகு என் கணவர் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று ஆனதும், இரண்டு பிள்ளைகளோடும் அத்தையோடும் ஊருக்கே திரும்பிவிட்டோம்.

முதல் வருடத்தில் பாதி அலைச்சலிலேயே போயிற்று. எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்று சொல்ல ஆளில்லை. ஐப்பசி மழை தொடங்கிய பிறகு ஓடு பிரித்தோம். குடிவந்த பிறகு வாரிசுச் சான்றுக்கு ஓடினோம். ஆற்றில் புதுத் தண்ணீர் வந்த அன்று ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் கரையில் நிற்க, எங்கள் பிள்ளைகள் இருவரும் எங்களோடு ஜெராக்ஸ் கடை வாசலில் நின்றார்கள். அது எனக்கு இன்னும் உறுத்துகிறது. ஊர் வீட்டின் சந்தோஷங்கள் எல்லாம் பருவத்தோடு வருகிறவை. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்த வருடம்தான். அலைச்சலை முன்கூட்டியே முடித்துவிட்டால் அவை முழுதாகக் கிடைக்கும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1. முதலில் மாதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

எந்த மாதம் குடிபோவது என்று முடிவு செய்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். டெல்டா பக்கம் சரியான வரிசை இதுதான்: தையில் காகித வேலையைத் தொடங்குவது, பங்குனி சித்திரையில் வீட்டு வேலை, வைகாசியில் பால் காய்ச்சிக் குடிபோவது. ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது பிள்ளைகளுக்கு ஊர் கொஞ்சம் பழகியிருக்கும்.

இதற்குக் காரணம் உண்டு. சம்பா அறுவடை தை, மாசியில் முடிகிறது. அதுவரை சித்தாள் வேலைக்கு ஆள் கிடைப்பது கடினம். சித்திரையில் கிணற்றில் தண்ணீர் இறங்கியிருக்கும், தூர் வார வசதி. ஓடு பிரித்து வேய வெயில் காலம் வேண்டும். ஆனி, ஆடிக்குத் தள்ளிப்போட்டால் அத்தை மாதிரிப் பெரியவர்கள் பால் காய்ச்ச ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆவணி என்றால் பள்ளி திறந்து இரண்டு மாதம் ஓடியிருக்கும். ஆக மொத்தம் ஐந்து மாதம் வேண்டும். மூன்று மாதத்தில் முடித்துவிடலாம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

2. காகிதங்கள்: குடிபோகும் முன்பே முடியுங்கள்

நம் வீட்டில் நாம் இருக்கப் பட்டா எதற்கு என்று நாங்களும் நினைத்தோம். மின் இணைப்புப் பெயர் மாற்றம், குளியலறை கட்டக் கடன், வீட்டு வரி ரசீதில் பெயர் மாற்றம் என்று எதற்குப் போனாலும் பட்டாவில்தான் வந்து நிற்கும்.

வீடு நத்தம் நிலத்தில், அதாவது ஊர்க் குடியிருப்புக்கென்று ஒதுக்கிய நிலத்தில், இருக்கிறதா, பட்டா நிலத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கிராமத்து வீடுகள் பெரும்பாலும் நத்தத்தில்தான் இருக்கும். தமிழ்நாடு அரசின் இ-சேவைகள் இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று காசில்லாமல் பார்க்கலாம். அங்கே கிடைக்காவிட்டால் கிராம நிர்வாக அலுவலரிடம் நத்தம் பதிவேட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் பார்க்கலாம்.

எங்கள் வீட்டுப் பட்டா மாமா பெயரில்கூட இல்லை. மாமாவின் அப்பா பெயரில் இருந்தது. இது நிறைய வீடுகளில் நடப்பதுதான். அப்படியிருந்தால் இரண்டு தலைமுறைக்கும் காகிதம் வேண்டும்: தாத்தாவின் இறப்புச் சான்று, தாத்தாவின் வாரிசுச் சான்று, அப்பாவின் இறப்புச் சான்று, அப்பாவின் வாரிசுச் சான்று. பழைய இறப்புகள் பதிவாகாமலே இருக்கும். ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்ட இறப்பைப் பதிவு செய்யக் கோட்டாட்சியர் உத்தரவு வேண்டும். அதற்கே சில மாதங்கள் போகும். அதனால் முதலில் விண்ணப்பிக்க வேண்டியது இதைத்தான்.

பெரிய கண்ணி பெயரில் இருக்கிறது. எங்கள் தாத்தா பட்டாவில் ராமசாமி, இறப்புச் சான்றில் இராமசாமி, பழைய குடும்ப அட்டையில் வீ. ராமசாமிப் பிள்ளை. மூவரும் ஒருவர்தான் என்று நிரூபிக்க எங்களுக்கு ஏழு வாரம் ஆயிற்று. நீங்கள் இப்படிச் செய்யுங்கள்: ஒரு நாள் மாலை எல்லாக் காகிதங்களையும் கூடத்தில் பரப்பி வையுங்கள். ஒரு நோட்டில் ஒவ்வொருவர் பெயரும் எந்தக் காகிதத்தில் எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். தலைப்பெழுத்து, ஒற்றெழுத்து எதையும் விடாதீர்கள். மாற்றம் இருந்தால் விண்ணப்பம் போடும் முன்பே திருத்தம் செய்யுங்கள், அல்லது கிராம நிர்வாக அலுவலரிடம் இரண்டும் ஒருவரே என்று சான்று கிடைக்குமா என்று கேளுங்கள். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் திரும்ப முதலிலிருந்து போட வேண்டியிருக்கும்.

வாரிசுச் சான்றுக்கும் பட்டா மாறுதலுக்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். ஒவ்வொன்றுக்கும் கட்டணம் 60 ரூபாய். நிலத்தைப் பிரித்து உட்பிரிவு செய்ய வேண்டியிருந்தால் தனிக் கட்டணமும் உண்டு, நில அளவரும் வர வேண்டும். ஒருவர் எங்களிடம் எல்லாவற்றையும் முடித்துத் தருவதாகச் சொல்லி 15,000 ரூபாய் கேட்டார். கொடுக்க வேண்டாம். விண்ணப்ப எண்ணை வைத்து நிலையை நீங்களே பார்க்கலாம். வாரம் ஒருமுறை பாருங்கள், கேள்வி கேட்டிருந்தால் உடனே பதில் கொடுங்கள். அதற்கும் நகரவில்லை என்றால் ஜமாபந்திக்குக் காத்திருங்கள். வருடா வருடம் மே, ஜூன் வாக்கில் தாலுகா அலுவலகத்தில் நடக்கும். உயரதிகாரி ஒருவர் உட்கார்ந்து கிராமம் கிராமமாக மனு வாங்குவார். உங்கள் கிராமத்துக்கு எந்த நாள் என்பதை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

உடன்பிறந்தவர்கள் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். அப்பா வீட்டில் பெண்ணுக்கும் சம உரிமை உண்டு. எங்கள் வீட்டில் என் நாத்தனார் இருக்கிறார். பலரும் எங்களிடம், "முதலில் அவளிடம் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிவிடுங்கள்" என்றார்கள். தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதும் பத்திரம் அது. நாங்கள் வாங்கவில்லை. அத்தை, என் கணவர், நாத்தனார் மூவர் பெயரிலும் கூட்டுப் பட்டாவாக மாற்றினோம். பத்திரச் செலவும் இல்லை, மனக்கசப்பும் இல்லை. கிழக்குப் பக்கத்து அறையை அவருக்கென்று வைத்திருக்கிறோம். மே மாத விடுமுறைக்கு அவர் பிள்ளைகளோடு வந்துவிடுவார். அந்த ஒரு மாதம் வீடு வீடாகவே இருக்காது, திருவிழாக் கடைவீதி மாதிரி இருக்கும். அதை எந்தப் பத்திரத்துக்காகவும் இழக்க எனக்கு மனசில்லை.

கட்டாயம் பத்திரம் எழுதத்தான் வேண்டும் என்றால், குடும்பத்துக்குள் எழுதும் பாகப்பிரிவினை, விடுதலை, தானப் பத்திரங்களுக்கு முத்திரைத் தீர்வைக்கும் பதிவுக் கட்டணத்துக்கும் உச்சவரம்பு உண்டு. 2023 ஜூலை முதல் முறையே 40,000 ரூபாயும் 10,000 ரூபாயும். வெறும் முத்திரைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பெட்டிக்குள் வைத்திருக்கும் பழைய கூர்சீட்டை, அதாவது பதிவு செய்யாத பங்குப் பிரிப்புச் சீட்டை, மட்டும் நம்பி இறங்காதீர்கள்.

3. கூரை, கரையான், கரண்டு

ஓட்டு வீடு என்றால் கொத்தனாருக்கு முன்னால் ஆசாரியைக் கூப்பிடுங்கள். எங்கள் ஆசாரி வந்ததும் ஓட்டைப் பார்க்கவே இல்லை. ஏணி போட்டு ஏறி, ஒரு சின்னச் சுத்தியலால் உத்திரத்தை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை தட்டிக்கொண்டே போனார். நல்ல மரம் கணீரென்றது. நடுவில் ஓர் இடத்தில் பொத்தென்று கேட்டது. அங்கே கட்டைவிரலை வைத்து அழுத்தினார், விரல் உள்ளே போயிற்று. வெளியே வண்ணம் அப்படியே இருந்தது, உள்ளே எல்லாம் கரையான் மண். அந்த உத்திரத்தின் கீழேதான் பிள்ளைகளுக்குப் படுக்கை போடலாம் என்று நான் நினைத்து வைத்திருந்தேன்.

அதனால் விலை பேசும் முன் எல்லா உத்திரங்களையும் கைமரங்களையும் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய ஓட்டைத் தூக்கிப் போடாதீர்கள். உடையாததைக் கழுவி அடுக்கி வைத்தால் பாதிக்கு மேல் திரும்பப் பயன்படும். அதே அச்சு ஓடு இப்போது கடையில் கிடைக்காது. பக்கத்து ஊர்களில் வீடு இடிப்பவர்களிடம் பழைய ஓடு விலைக்கு வாங்கலாம். 200 ஓடாவது கூடுதலாக வாங்கிக் கொல்லையில் அடுக்கி வையுங்கள். குரங்கும் தென்னை மட்டையும் வருடா வருடம் பத்து இருபதை உடைக்கும். வீட்டின் மேல் சாய்ந்திருக்கும் தென்னை இருந்தால் மனசைக் கல்லாக்கிக்கொண்டு வெட்டிவிடுங்கள். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்தபோது எங்கள் பக்கத்தில் விழுந்த தென்னைகளைப் பார்த்தவர்கள் இதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார்கள்.

மின்சாரத்தில் இரண்டு வேலை. ஒன்று, உள்ளே ஓடும் பழைய வயர்களை முழுதாக மாற்றி, எர்த் புதிதாக அடித்து, கசிவு மின்சாரத்தை நிறுத்தும் பிரேக்கரும் போடுவது. இதில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். மற்றொன்று, இணைப்பின் பெயர் மாற்றம். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம், வீட்டு வரி ரசீது இவை வேண்டும். கட்டணம் சில நூறு ரூபாய்தான். பூட்டிக் கிடந்த வீட்டுக்குப் பில் கட்டாமல் விட்டு இணைப்பே ரத்தாகியிருந்தால் புது இணைப்பாகத்தான் விண்ணப்பிக்க வேண்டிவரும். அதனால் வீடு பூட்டியிருந்தாலும் பில்லைக் கட்டிக்கொண்டே இருங்கள். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் எப்படியும் இலவசம்.

எங்களுக்கு ஆன செலவைச் சொல்கிறேன், உங்கள் ஊரில் கூடக் குறைய இருக்கலாம். உத்திரம், கைமரம், ஓடு எல்லாம் சேர்த்து 1,35,000 ரூபாய். வயரிங் 32,000. குளியலறையும் கழிப்பறையும் 1,20,000. சுண்ணாம்பு அடித்தது, தரை பூசியது, கதவு சரிசெய்தது 40,000. மழையில் ஓடு பிரித்ததால் சுவர் ஊறி இரண்டாம் முறை பூச வேண்டியதாயிற்று, அதில் மட்டும் 22,000 வீண். கையில் போடும் கணக்குக்கு மேல் மூன்றில் ஒரு பங்கு தனியாக எடுத்து வையுங்கள்.

சுவருக்குச் சுண்ணாம்பே போதும். மண் சேர்ந்த பழைய சுவரில் பெயின்ட் அடித்தால் ஈரம் வெளியே போக வழியில்லாமல் பொருக்குப் பொருக்காக உதிரும்.

4. கிணறும் கழிப்பறையும்

நான்கு வருடம் இறைக்காத கிணற்றில் யாரையும் திடீரென்று இறங்க விடாதீர்கள். அடியில் விஷவாயு தங்கியிருக்கும், இறங்கியவர் மயங்கி விழுவார், தூக்கப் போனவரும் விழுவார். மோட்டார் வைத்துத் தண்ணீரை இறைத்துவிட்டு, பழகிய ஆளை இடுப்பில் கயிறு கட்டி, மேலே இரண்டு பேர் நிற்க இறக்க வேண்டும். தூர் வாரிய பிறகு பிளீச்சிங் பவுடர் போடுங்கள். எவ்வளவு என்பதை ஆரம்ப சுகாதார நிலையத்துச் சுகாதார ஆய்வாளரிடம் கேளுங்கள், தண்ணீரின் அளவைப் பார்த்துச் சொல்வார்.

குடிக்க அந்தத் தண்ணீர் ஆகுமா என்பது வேறு கேள்வி. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் சோதித்துப் பாருங்கள். கடற்கரைப் பக்கம் என்றால் உப்பு ஏறியிருக்கும். எங்கள் கிணற்று நீரைக் குளிக்கவும் துவைக்கவும் வைத்துக்கொண்டோம், குடிக்கப் பஞ்சாயத்துக் குழாய். குழாய் இணைப்புக்கு வீட்டு வரி பாக்கி இல்லாமல் இருக்க வேண்டும்.

கழிப்பறைக் குழி கிணற்றிலிருந்து குறைந்தது 10 மீட்டர் தள்ளி இருக்கட்டும், 15 இருந்தால் இன்னும் நல்லது. பக்கத்து வீட்டுக் கிணற்றையும் சேர்த்து அளந்து பாருங்கள். வயதானவர்கள் இருந்தால் கழிப்பறை வீட்டை ஒட்டியே, படியில்லாமல், பிடித்துக்கொள்ளச் சுவரில் கம்பியோடு இருக்க வேண்டும். இரவில் கொல்லை தாண்டிப் போகும்படி வைத்துவிட்டு அத்தைக்கு ஒவ்வொரு ராத்திரியும் டார்ச் பிடித்த பிறகுதான் எனக்கு இது புரிந்தது.

5. பள்ளிக்கூடம்: ஐந்தாம் வகுப்பு முடிவதற்குள் யோசியுங்கள்

பிள்ளையை அரசுப் பள்ளியில் சேர்ப்பது என்று முடிவு செய்தால், ஆறாம் வகுப்புக்கு முன் வந்துவிடுவது நல்லது. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீடும், கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களும் ஆறாம் வகுப்பிலிருந்து எங்கே படித்தார்கள் என்று பார்க்கின்றன. எட்டாம் வகுப்பில் வந்து சேர்ந்த பிறகு இதைக் கேள்விப்பட்டு வருந்திய ஒரு குடும்பம் எங்கள் தெருவிலேயே இருக்கிறது. எங்கள் மகள் ஐந்தாவது முடித்த வருடம் நாங்கள் வந்தது தற்செயல்தான்.

டி.சி.யை ஏப்ரலிலேயே வாங்கிவிடுங்கள். எட்டாம் வகுப்பு வரை டி.சி. தாமதமானாலும் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்பது கல்வி உரிமைச் சட்டம். ஆனாலும் கையில் இருந்தால் நிம்மதி. அதோடு பிறப்புச் சான்று, ஆதார், சாதிச் சான்று, வங்கிக் கணக்குப் புத்தகம் எல்லாவற்றிலும் மூன்று நகல்.

முதல் மாதம் பிள்ளைகள் திணறுவார்கள். என் மகன் அரசுத் தொடக்கப் பள்ளியில் காலை உணவுக்கு உட்கார்ந்த முதல் நாள் சாப்பிடாமலே வந்தான். மூன்றாம் வாரம், வீட்டு உப்புமாவை விடப் பள்ளிக்கூடத்து ரவா கிச்சடிதான் ருசி என்று என்னிடமே சொன்னான். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட ஐந்து பேர் இருப்பதன் ருசி அது.

6. ரேஷன், ஆதார், காஸ்

இவை சுலபமானவை, ஒரே வாரத்தில் விண்ணப்பித்துவிடலாம். குடும்ப அட்டை முகவரியைப் பொது விநியோகத் துறை இணையதளத்தில் மாற்றலாம். சிக்கல் வந்தால் இரண்டாவது சனிக்கிழமைகளில் நடக்கும் குறைதீர் முகாமுக்குப் போங்கள். அட்டை மாறும் வரை, மாநிலத்தில் எந்தக் கடையிலும் கைரேகை வைத்து வாங்கலாம். வாங்க முடியாது என்று சொன்னால் அமைதியாக எடுத்துச் சொல்லுங்கள். ஆதார் முகவரியைக் குடும்பத்தில் முதலில் ஒருவருக்கு மாற்றிவிட்டு, அவரைக் குடும்பத் தலைவராகக் காட்டி மற்றவர்களுக்கு இணையத்தில் மாற்றலாம். காஸ் ஏஜென்சியில் சிலிண்டர், ரெகுலேட்டரை ஒப்படைத்து மாற்றுச் சீட்டு வாங்குங்கள், டெபாசிட் திரும்ப வரும். வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8.

பெண்களுக்கு ஒரு வார்த்தை: சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 முதல் நமக்குக் கட்டணம் இல்லை. அலைச்சல் நாட்களில் இது பெரிய உதவி. உங்கள் ஊருக்கு அந்தப் பேருந்து எத்தனை மணிக்கு வருகிறது என்று சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். நான்கு நடைதான் இருக்கும்.

7. பாம்பு பற்றித் தெரிந்துகொண்டு வாருங்கள்

பயமுறுத்தச் சொல்லவில்லை. வயலை ஒட்டிய வீட்டுக்கு எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும். விறகையும் செங்கல்லையும் சுவரோரம் அடுக்காதீர்கள். கட்டுவிரியன் இரவில் வரும், தரையில் படுத்திருப்பவர்களைத்தான் அதிகம் கடிக்கும், கடித்த வலியே பெரும்பாலும் தெரியாது. அதனால் மழைக்காலத்தில் பிள்ளைகளுக்குக் கட்டில், ஓரம் செருகிய கொசுவலை இரண்டும் வேண்டும். விடியற்காலையில் வயிற்றுவலி, கண்ணிமை செருகுவது என்று யாராவது சொன்னால் யோசிக்காமல் 108 கூப்பிடுங்கள்.

கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டக் கூடாது, கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து அரசு மருத்துவமனைக்கு. விஷமுறிவு மருந்து இருக்கும் மருத்துவமனை உங்கள் ஊருக்கு எது கிட்டே என்று குடிவந்த முதல் வாரமே விசாரித்து வையுங்கள்.

8. கொல்லை, கோழி, மாடு

குடிவந்த ஜோரில் மாடு வாங்காதீர்கள். மாடு இருக்கும் வீட்டில் ஒருவர் எப்போதும் இருக்க வேண்டும். காகித வேலைக்கு அலையும் வருடத்தில் அது நடக்காது. பக்கத்து வீட்டில் பால் வாங்கிக்கொள்ளுங்கள், பழக்கமும் ஆகும்.

கோழியிலிருந்து தொடங்குங்கள். ஒரு சேவல், நான்கு பெட்டை போதும். அடை உட்கார்ந்தால் 21 நாளில் குஞ்சு பொரியும், அந்த 21 நாளும் பிள்ளைகள் தேதியைக் கிழித்துக்கொண்டே இருப்பார்கள். வெள்ளைக்கழிச்சல் வந்தால் ஒரே வாரத்தில் கூண்டு காலியாகிவிடும். எங்களுக்கு அப்படித்தான் பதினோரு குஞ்சும் போயிற்று. கால்நடை மருந்தகத்தில் தடுப்பூசி போடுவார்கள், நாள் கேட்டு எடுத்துப் போங்கள்.

காய்கறிக்கு ஆடிப்பட்டம். அவரை, புடலை, பாகல், வெண்டை, கத்தரி எல்லாம் அப்போதே. ஆடியில் போட்ட அவரை கார்த்திகையில் காய்க்கத் தொடங்கித் தை வரைக்கும் தரும். முருங்கைப் போத்தை வீட்டை விட்டுத் தள்ளி ஊன்றுங்கள், மழை முடிந்ததும் கம்பளிப்பூச்சி சுவரேறும். குளியலறைத் தண்ணீரை வாழைக்குத் திருப்பிவிடுங்கள்.

நெல்லாக வாங்குவது நல்லது. தை, மாசியில் அறுவடை வீட்டில் மூட்டை 60 கிலோ கணக்கில் வாங்கி, காயவைத்து, வேப்பிலையோ நொச்சியிலையோ போட்டு வையுங்கள். ஆறு மாதம் போன பிறகு அரைத்தால் சோறு குழையாது.

9. வருடத்தை முன்கூட்டியே குறித்து வையுங்கள்

எங்கள் கூடத்துக் காலண்டரில் மின்சாரப் பில் தேதிக்குப் பக்கத்திலேயே இவற்றையும் எழுதி வைத்திருக்கிறோம். இந்த நாட்களில் எந்த அலுவலகத்துக்கும் போவதில்லை.

சித்திரை, வைகாசி கூழ் வற்றல். இதற்கு மூன்று நாள் ஒதுக்குங்கள். அத்தை நான்கரைக்கே எழுந்து அரிசி மாவுக் கூழைக் கிளறிவிடுவார். பச்சை மிளகாய், உப்பு, இறக்கிய பிறகு எலுமிச்சைச் சாறு. வெயில் ஏறும் முன் முற்றத்தில் பழைய வேட்டியை விரித்து, கரண்டி கரண்டியாக ஊற்றிவிட வேண்டும். காக்கை விரட்டுவது பிள்ளைகள் வேலை. மாலையில் மேலே காய்ந்து உள்ளே ஈரமாக இருக்கும்போது பிய்த்துத் தின்பதுதான் அதற்குக் கூலி, அதைத் தடுக்காதீர்கள். மறுநாள் வேட்டியைத் திருப்பிப் போட்டு முதுகில் தண்ணீர் தெளித்தால் வற்றல் உடையாமல் உரியும். நானாகச் செய்த முதல் வருடம் தண்ணீர் தெளிக்கத் தெரியாமல் பாதியை நொறுக்கினேன். இதே மாதங்களில் நுங்கும் வரும்.

மேட்டூர் அணையில் தண்ணீர் இருக்கும் வருடங்களில் ஜூன் 12 திறப்பு. உங்கள் ஊர் வாய்க்காலுக்கு எத்தனை நாள் கழித்து வரும் என்று பெரியவர்களைக் கேளுங்கள், துல்லியமாகச் சொல்வார்கள். வறண்ட மணலில் நுரையும் சருகுமாகத் தண்ணீர் நாக்கு நீட்டி வரும்போது பிள்ளைகள் அதன் முன்னால் ஓட வேண்டும். ஆடி 18-க்குச் சின்னச் சப்பரம் செய்யப் பத்து நாள் முன்பே ஆசாரியிடம் மரத்துண்டு கேட்டு வாங்கி வையுங்கள்.

கார்த்திகைக்கு மாவளி. பனம்பூவைக் கரியாக்கித் துணியில் கட்டிச் சுற்றுவது, பெரியவர் ஒருவர் கூடவே நிற்க வேண்டும், சுற்றும் பிள்ளைகளுக்குப் பருத்தித் துணியாகப் போட்டுவிடுங்கள். மார்கழியில் கோலத்துக்குப் பரங்கிப்பூ, அதற்குக் கொல்லையில் ஒரு பரங்கிக் கொடியை இப்போதே விட்டு வையுங்கள். தையில் பனங்கிழங்கு. சம்பா அறுத்த வயலில் பயறு பிடித்ததும் பச்சைக் காயை உரித்துக்கொண்டே வரப்பில் நடப்பது. பங்குனியில் மன்னார்குடி ராஜகோபாலசுவாமி கோயிலின் வெண்ணெய்த்தாழித் திருவிழா, அன்று பேருந்தில் இடம் கிடைக்காது, காலையிலேயே கிளம்பிவிடுங்கள்.

ஐப்பசிக்கு எதுவும் குறிக்க வேண்டாம். கரண்டு போகும். எமர்ஜென்சி விளக்கு, தீப்பெட்டி, ஒரு கூடை காய்ந்த விறகு, இரண்டு படி வேர்க்கடலை வீட்டுக்குள் இருக்கட்டும். அடைமழையில் திண்ணையில் போர்வைக்குள் நான்கு பேர் உட்கார்ந்து, வறுத்த கடலையை உரித்துக்கொண்டு அத்தை சொல்லும் பழங்கதை கேட்பதற்கு அது போதும்.

10. குடிபோகும் நாள்

லாரி சாமான் முந்தின நாளே போய்ச் சேரட்டும். பால் காய்ச்சும் நாளில் சாமான் இறக்கினால் யாருடனும் பேச நேரமிருக்காது. முந்தின நாள் ஒருவர் போய்த் தெருவில் நான்கு வீட்டுக்கு நேரில் சொல்லிவிட்டு வாருங்கள், போனில் சொன்னால் பெரியவர்கள் மனசு வருத்தப்படும்.

சாயங்காலம் ஆறு மணிக்குள் வேலைகளை நிறுத்திவிட்டு, வாசல் தெளித்து, திண்ணை விளக்கைப் போட்டுவிட்டு உட்காருங்கள். எங்கள் வீட்டில் விளக்கு எரிந்து ஐந்து நிமிடம் ஆகவில்லை, எதிர்வீட்டிலிருந்து "அக்கா, வந்தாச்சா?" என்று குரல் கேட்டது. சென்னையில் நான்கு வருடம் சாய்வு நாற்காலியை விட்டு எழச் சிரமப்பட்ட அத்தை, கைத்தடியைக்கூட எடுக்காமல் படியிறங்கிப் போனார். ஒன்பது மணி வரை ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். எங்களிடம் அரை லிட்டர் பால்தான் இருந்தது. நீங்கள் மூன்று லிட்டராவது வாங்கி வையுங்கள்.